கலர் லேப் போட்டோவில் மை எங்கே இருக்கிறது?

கல்யாண ஆல்பத்துக்கு ஆர்டர் கொடுக்கும்போது வீட்டார் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். மேட்டா, கிளாஸியா? எத்தனை பக்கம்? படம் எந்த முறையில் காகிதத்தில் ஏறுகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் ‘டிஜிட்டல் பிரின்ட்’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ஒரு பெயருக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத நான்கு தொழில்நுட்பங்கள் இருக்கின்றன. ஃபைலை எப்படித் தயார் செய்வது, எந்தக் கோளாறு எதனால் வருகிறது, படம் எத்தனை காலம் நிற்கும், நனைந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் முறைக்கு முறை மாறும்.

இவற்றில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது கலர் லேப் பிரின்ட். கேமரா டிஜிட்டல் ஆகிவிட்டதால், லேப் மெஷினும் உள்ளே மை தெளிக்கும் ஒரு பெரிய பிரின்டர்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். கலர் லேபில் 4க்கு 6 அளவில் போட்டு வாங்கும் படத்தில் பல சமயம் ஒரு சொட்டு மைகூட இருக்காது. ஒளியும் ரசாயனமும் சேர்ந்து காகிதத்துக்குள்ளேயே உண்டாக்கிய சாயம் அது.

மருதாணி செய்வதை வெள்ளி செய்கிறது

அரைத்த மருதாணி பச்சையாக இருக்கும். கையில் பிடிப்பது சிவப்பு. அப்பிய இடத்தில்தான் சிவக்கும். வைத்திருக்கும் நேரமும் சூடும் கூடினால் நிறம் அடர்த்தியாகும். ஊறி முடிந்ததும் இலையை உதிர்த்துக் கழுவிவிடுகிறோம். இலை தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது, சாயம் நின்றுவிட்டது.

கலர் போட்டோ காகிதத்தில் அந்த இலையின் இடத்தில் இருப்பது வெள்ளி. எந்த இடத்தில் எவ்வளவு நிறம் பிடிக்க வேண்டும் என்பதை வெள்ளி தீர்மானிக்கும். நிறம் பிடித்தபின் அதை முழுவதுமாக வெளியேற்றிவிடுவார்கள். கையில் கிடைக்கும் படத்தில் மிஞ்சுவது சாயம் மட்டுமே. சாயம் பிடிக்கவைக்கும் இந்த வழிக்கு ஜெர்மானிய வேதியியலாளர் ருடால்ஃப் ஃபிஷர் 1912 வாக்கில் காப்புரிமை பெற்றார். இன்றைய லேப் மெஷினுக்குள் நடப்பதும் அடிப்படையில் அதே வினைதான்.

காகிதத்துக்குள் என்ன இருக்கிறது

வேண்டாத ஒரு லேப் பிரின்டின் மூலையை மெதுவாகக் கிழித்துப் பாருங்கள். நடுவில் காகிதம், இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் தெரியும். இந்தப் பாலிஎத்திலீன் பூச்சு இருப்பதால்தான் ரசாயனத் தொட்டிகளில் மூழ்கி எழுந்தும் காகிதம் ஊறிப்போவதில்லை, சீக்கிரம் காய்கிறது. முன்பக்கப் படலத்தில் வெண்மைக்காக டைட்டானியம் டை ஆக்சைடு கலந்திருக்கும்.

அதன் மேல் ஜெலட்டின் அடுக்குகள். விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் பசை போன்ற பொருள்தான் ஜெலட்டின். அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய வெள்ளி உப்புத் துகள்கள் கலந்திருக்கும். கலர் காகிதத்தில் பெரும்பங்கு சில்வர் குளோரைடு. இத்தகைய வெள்ளி உப்புகளுக்குப் பொதுப்பெயர் சில்வர் ஹாலைடு.

முக்கியமான அடுக்குகள் மூன்று. அடியில் இருப்பது நீல ஒளிக்கு மட்டும் வினைபுரியும்; அதில் மஞ்சள் சாயம் உருவாகும். நடு அடுக்குக்குப் பச்சை ஒளி, அதில் மெஜந்தா என்ற ஊதா கலந்த இளஞ்சிவப்பு. மேலடுக்குக்குச் சிவப்பு ஒளி, அதில் சயான் என்ற பச்சை கலந்த நீலம். சாயம் ஆயத்தமாக அங்கே இருப்பதில்லை. சாயமாக மாறக் காத்திருக்கும் நிறமற்ற ஒரு பொருள்தான் இருக்கும். அதற்குக் கப்ளர் என்று பெயர்.

இந்தக் காகிதத்தில் ஒளி பட்ட இடம் இருளும், படாத இடம் வெள்ளையாகவே நிற்கும். அதனால் மெஷின் படத்தை நெகட்டிவாக மாற்றித்தான் நீலம், பச்சை, சிவப்பு லேசர் ஒளிகளால் எழுதுகிறது. சிவப்புப் பட்டுப்புடவையை எடுத்துக்கொள்வோம். காகிதத்தில் சிவப்பாகத் தெரிய வேண்டுமானால் அங்கே மஞ்சளும் மெஜந்தாவும் சேர வேண்டும். அவை உருவாக நீல ஒளியும் பச்சை ஒளியும் பட வேண்டும். ஆக, சிவப்புப் புடவை வர வேண்டிய இடத்தில் சிவப்பு லேசர் ஏறத்தாழ அணைந்தே இருக்கும். கருப்புத் தலைமுடி இருக்கும் இடத்தில் மூன்று லேசரும் முழு வீச்சில் அடிக்கும். தனியாகக் கருப்பு என்று ஒரு சாயம் இந்த முறையில் கிடையாது.

இதுவரை பார்த்ததன் சாரம்: காகிதத்தில் மூன்று அடுக்கு, ஒவ்வொன்றிலும் வெள்ளி உப்பும் கப்ளரும்; எந்த அடுக்கை எவ்வளவு உசுப்ப வேண்டும் என்பதை நீலம், பச்சை, சிவப்பு ஒளிகள் முடிவு செய்கின்றன.

மெஷினுக்குள் ஒரு படத்தின் பயணம்

காகிதம் சுருளாக, ஒளி புகாத ஒரு பெட்டிக்குள் இருக்கும். மேகசின் என்பார்கள். கருப்பு வெள்ளைக் காகிதத்தை இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் கையாளலாம். கலர் காகிதத்துக்கு எல்லா நிற ஒளியும் படும் என்பதால் சுருளை முழு இருட்டில்தான் மேகசினில் ஏற்ற வேண்டும். மூடி சரியாக உட்காராமல் வெளிச்சம் கசிந்தால், வெளிச்சுற்றில் இருக்கும் காகிதத்தின் ஓரங்கள் கறுத்துப் பாழாகும்.

மெஷின் தேவையான நீளத்துக்குக் காகிதத்தை வெட்டி நகர்த்தும்போது மூன்று நிற லேசர் கதிர்கள் வரி வரியாக அதன் மேல் ஓடும். பெரும்பாலான லேப் மெஷின்கள் ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில் எழுதுகின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியின் வலிமையைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்க முடியும் என்பதுதான் இதன் பலம். கன்னத்தின் மென்மையான நிழல் லேப் பிரின்டில் புள்ளிபுள்ளியாக உடையாமல் வழுக்கிக்கொண்டு போவது இதனால்தான்.

இந்தக் கட்டத்தில் காகிதத்தை வெளியே எடுத்துப் பார்க்க முடிந்தாலும் படம் தெரியாது. ஒளி பட்ட ஒவ்வொரு துகளிலும் சில வெள்ளி அணுக்கள் மட்டுமே பிரிந்திருக்கும். இந்தக் கண்ணுக்குத் தெரியாத நிலைக்கு மறைபடிமம் என்று பெயர்.

அடுத்து தொட்டிகள். உலகெங்கும் புழங்கும் இந்த முறைக்கு ஆர்ஏ-4 என்று பெயர். கோடாக் வகுத்த அடிப்படை அளவுகளின்படி, முதலில் 35 டிகிரி செல்சியஸில் 45 விநாடி டெவலப்பர். அனுமதிக்கும் ஏற்ற இறக்கம் வெறும் 0.3 டிகிரி. பிறகு பிளீச்-ஃபிக்ஸ் 45 விநாடி. பிறகு அலசும் தொட்டிகளில் 90 விநாடி. கடைசியாகச் சூடான காற்றில் உலர்த்தல். பிற்கால மெஷின்கள் வெப்பத்தைக் கூட்டி நேரத்தைக் குறைக்கின்றன, வரிசை மாறுவதில்லை.

டெவலப்பர், ஒளி பட்ட துகள்களை முழு வெள்ளியாக மாற்றும். அந்த வேலையில் அது தானும் ஆக்சிஜனேற்றம் அடையும். அப்படி மாறிய டெவலப்பர் பக்கத்தில் இருக்கும் கப்ளரைச் சந்தித்தவுடன் சாயம் பிறக்கும். வெள்ளி எங்கே உருவாகிறதோ அங்கேதான் சாயமும். வெள்ளி எவ்வளவோ சாயமும் அவ்வளவு. டெவலப்பர் தொட்டியிலிருந்து அப்போதே காகிதத்தை எடுத்தால் சாயமும் கறுப்பு வெள்ளியும் கலந்து அழுக்காகத் தெரியும். பிளீச் அந்த வெள்ளியை மறுபடி உப்பாக மாற்றும், ஃபிக்ஸ் அதைக் கரைத்து எடுத்துவிடும். பழைய ஸ்டூடியோக்காரர்கள் ‘ஹைப்போ’ என்று சொன்ன பொருளின் குடும்பம்தான் இந்த ஃபிக்ஸ். வெளியேறிய வெள்ளி கரைசலில் தங்கியிருக்கும். பயன்படுத்திய கரைசலைச் சேர்த்துவைத்து அதிலிருந்து வெள்ளியை மீட்டெடுக்கலாம். அதைச் சாக்கடையில் கொட்டுவது நீருக்கும் கேடு, பணத்துக்கும் நட்டம்.

சாரம்: லேசர் மறைபடிமத்தை எழுதுகிறது, டெவலப்பர் வெள்ளியையும் சாயத்தையும் ஒன்றாக உருவாக்குகிறது, பிளீச்-ஃபிக்ஸ் வெள்ளியை வெளியேற்றுகிறது, சாயம் மிஞ்சுகிறது.

கூட்டமுள்ள லேபில் நிறம் ஏன் நன்றாக வருகிறது

ஒரே மெஷின், ஒரே காகிதம் இருந்தும் இரண்டு லேப்களில் நிறம் வேறு வேறாக வருவது ஏன் என்பதற்கு முக்கியக் காரணம் ரசாயனத்தின் நிலை. காகிதம் ஓட ஓட டெவலப்பர் தீரும். தீர்ந்த அளவுக்குப் புதுக் கரைசலை மெஷின் தானாகச் சேர்த்துக்கொண்டே இருக்கும்; இதை ரீப்ளெனிஷ் என்பார்கள். நாள்தோறும் நிறைய பிரின்ட் போனால் தொட்டியில் இருப்பது எப்போதும் புதிதாகவே இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மெஷினை ஓட்டினால் கரைசல் தீர்வது காகிதத்தால் அல்ல, காற்றால். ஆக்சிஜன் பட்டு வலுவிழக்கும், தண்ணீர் ஆவியாகிச் செறிவும் மாறும். அப்போது கறுப்பு சாம்பலாகும், முகத்தில் ஏதோ ஒரு நிறத்தின் சாயல் ஏறும். வேலை குறைந்த லேபில் தரம் சரிவது பல நேரம் ஆபரேட்டரின் அலட்சியத்தால் வருவதில்லை. அந்த ரசாயனத்தின் இயல்பே அதுதான்.

இதைக் கவனிக்கத்தான் காலையில் மெஷின் சூடேறியதும் வாடிக்கையாளர் வேலையைத் தொடுவதற்கு முன் சோதனை ஓட்டுகிறார்கள். படிப்படியாக அடர்த்தி கூடும் சாம்பல், நிறக் கட்டங்கள் கொண்ட பட்டை ஒன்றை மெஷினே அச்சிடும். அளவுக்கருவி ஒவ்வொரு கட்டத்தையும் படிக்கும். வந்த எண்ணுக்கும் வர வேண்டிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து மெஷின் லேசரின் வலிமையைத் திருத்திக்கொள்ளும். காகிதச் சுருள் மாறினாலும் இதைச் செய்ய வேண்டும். இதைத் தவிர்க்கும் லேபில் கல்யாணத்தின் முதல் பாதி ஒரு நிறமாகவும் மறு பாதி வேறு நிறமாகவும் வரும்.

பிரின்டைப் பார்த்தே கோளாறை ஓரளவு ஊகிக்கலாம். காகிதம் ஓடும் திசையில் மெல்லிய நேர்கோடு ஒன்று எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வந்தால், லேசர் பாதையில் தூசி இருக்கலாம். நிறங்கள் மந்தமாக, புகை படிந்தது போல் இருந்தால் பிளீச்-ஃபிக்ஸ் வலுவிழந்து வெள்ளி முழுதாக வெளியேறவில்லை என்று சந்தேகிக்கலாம். டெவலப்பர் தொட்டியில் சிறிதளவு பிளீச்-ஃபிக்ஸ் தெறித்தாலும் வெள்ளை இடங்கள் கறைபடும். அப்போது தொட்டியைக் கொட்டிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. அலசல் போதாவிட்டால் அன்று ஒன்றும் தெரியாது, நாளடைவில் கறை ஏறும்.

மற்ற மூன்று முறைகள்

இங்க்ஜெட் மெஷின் மையை நுண்துளிகளாகத் தெளிக்கிறது. எப்சன், கேனான் போட்டோ பிரின்டர்களில் பல இந்த வகை. ரசாயனத் தொட்டியில்லாத ‘டிரை லேப்’ என்று விற்பவையும் பெரும்பாலும் இதுவே.

டை-சப்ளிமேஷன் என்பது, மஞ்சள், மெஜந்தா, சயான் பூசிய ரிப்பனைச் சூடாக்கிச் சாயத்தைக் காகிதத்துக்கு மாற்றும் முறை. கடைசியாக ஒரு பாதுகாப்புப் படலமும் ஏறும். உடனடி பாஸ்போர்ட் சைஸ் படம் போட்டுத் தரும் கடைகளிலும் விழாக்களில் அங்கேயே பிரின்ட் தரும் இடங்களிலும் இருப்பது பெரும்பாலும் இதுதான். டிஎன்பி, ஹைட்டி போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. பயன்படுத்திய ரிப்பனை வெளிச்சத்தில் பிடித்தால் அச்சிட்ட ஒவ்வொரு முகமும் அதில் நெகட்டிவாகத் தெரியும். கடைக்காரர்கள் அதை அப்படியே குப்பையில் போடாமல் வெட்டி அழிப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதை.

நான்காவது டிஜிட்டல் பிரஸ். டோனர் பொடியையோ திரவ மையையோ கொண்டு அச்சிடும். கோனிகா மினோல்டா, ஜெராக்ஸ், எச்பி இன்டிகோ மெஷின்கள் இந்த வகை. கிழியாத தாளில் வரும் ஆல்பங்களில் பல இப்படி அச்சானவை.

கையில் இருப்பது எது என்று கண்டுபிடிக்க ஒரு பூதக்கண்ணாடி போதும். புள்ளிகள் வரிசையாகக் கோலம் போட்டதுபோல் இருந்தால் பிரஸ். ஒழுங்கில்லாமல் தூவியதுபோல் இருந்தால் இங்க்ஜெட். புள்ளியே இல்லாவிட்டால் லேப் பிரின்ட் அல்லது டை-சப்ளிமேஷன். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘ஃபுஜிகலர் கிரிஸ்டல் ஆர்கைவ்’ என்றோ கோடாக் காகிதத்தின் பெயரோ மங்கலாகத் திரும்பத் திரும்ப அச்சாகியிருந்தால் அது அநேகமாக லேப் காகிதம்.

இந்தத் தொழில் இன்னும் இருக்கிறதா

1976ல் நோரிட்சு நிறுவனம் கொண்டுவந்த மினிலேப், பெரிய தொழிற்கூடத்தில் நடந்த வேலையை ஒரு கடைக்குள் அடக்கியது. 1996ல் ஃபுஜிஃபில்மின் ஃப்ரான்டியர், நெகட்டிவை ஸ்கேன் செய்து லேசரால் எழுதும் வழியை மினிலேபுக்குக் கொண்டுவந்தது. டிஜிட்டல் கேமரா பரவியபோது அதே மெஷின் மெமரி கார்டிலிருந்தும் பிரின்ட் போட்டது. ஃபிலிம் போன பிறகும் ரசாயனக் காகிதம் பிழைத்தது இப்படித்தான்.

அடி பலமாகவே விழுந்தது. 2005ல் ஆக்ஃபாஃபோட்டோ நொடித்தது. 2006ல் கோனிகா மினோல்டா கேமரா, போட்டோத் தொழில்களிலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கோரியது. அடுத்த ஆண்டு அதன் போட்டோ காகிதத் தொழில் கோடாக் அலாரிஸ் என்ற தனி நிறுவனத்துக்குப் போனது. இதைக் கேட்டவர்கள் போட்டோ காகிதமே செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். அது தவறு. ஃபுஜிஃபில்ம் தொடர்ந்து செய்கிறது. நிறைய பிரதிகள் போடும் இடத்தில் இந்த முறையின் அடக்க விலை இன்னும் கட்டுப்படியாகிறது.

ஃபைல் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

லேப் மெஷின் வேலை செய்வது சிவப்பு, பச்சை, நீல ஒளியில். ஆகவே ஃபைல் ஆர்ஜிபியில், எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் இருக்க வேண்டும். நிறவெளி என்பது ஃபைலில் உள்ள ஓர் எண் எந்த நிறத்தைக் குறிக்கிறது என்று சொல்லும் வரையறை. டிசைனர்கள் பழக்கத்தில் சிஎம்ஒய்கே-வுக்கு, அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு மை அளவுகளுக்கு, மாற்றிவிடுவார்கள். அது அச்சகத்துக்கான ஏற்பாடு; லேபுக்கு அப்படி அனுப்பினால் பளிச்சென்ற நிறங்கள் முன்பே வெட்டுப்பட்டிருக்கும், திரும்ப வராது. அடோபி ஆர்ஜிபி என்ற வேறொரு நிறவெளியில் விட்டாலும் பல லேப்களில் முகம் வெளிறி வரும்.

அளவுக் கணக்கு எளிது: அங்குலத்தை 300 ஆல் பெருக்குங்கள். 4க்கு 6 படத்துக்கு 1200க்கு 1800 பிக்சல், அதாவது 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். விரித்தால் 12க்கு 36 வரும் ஆல்பப் பக்கத்துக்கு 3600க்கு 10800. சற்றுத் தள்ளிப் பார்க்கும் பெரிய படத்துக்கு 200 ஆல் பெருக்கினாலும் குறை தெரியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் பெரும்பாலும் நீளவாட்டில் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அது 4க்கு 6க்குப் போதும். 12க்கு 18 போட்டால் அங்குலத்துக்கு 90 பிக்சல்கூடத் தேறாது. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தலை வெட்டுப்படுவது. மொபைல் படம் பெரும்பாலும் 4க்கு 3 விகிதம். 6 அங்குல அகலத்துக்கு அது நாலரை அங்குல உயரம் வரும். காகிதமோ 4 அங்குலம். அரை அங்குலம் வெட்டித்தான் ஆக வேண்டும். குரூப் போட்டோவில் மேலே இடம் விட்டு எடுங்கள், அல்லது வெள்ளை ஓரத்தோடு முழுப் படத்தையும் போடச் சொல்லுங்கள்.

எத்தனை காலம் நிற்கும்

தாத்தா பாட்டியின் கருப்பு வெள்ளைப் படம் தெளிவாக இருக்கிறது, 1970களின் கலர் படம் செங்கல் நிறமாகிவிட்டது என்று பல வீடுகளில் சொல்வார்கள். கருப்பு வெள்ளையில் வெள்ளியே படமாக நிற்கிறது. 1960ல் நிறுவப்பட்ட ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் விற்ற கருப்பு வெள்ளைக் காகிதமும் அந்த வகைதான். கலரில் நிற்பது கரிமச் சாயம். பழைய காகிதங்களில் சயான் சாயம் பீரோவுக்குள் இருட்டில் இருந்தாலும் முதலில் வலுவிழந்தது. சயான் போனால் மிஞ்சுவது மஞ்சளும் மெஜந்தாவும், அதனால் செம்மை. இன்றைய காகிதங்களின் சாயம் அதைவிட வெகுவாக மேம்பட்டது. ஆனாலும் நேர் வெயில் படும் சுவரில் மாட்டினால் வெளுக்கத்தான் செய்யும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் பெரிய எதிரி ஃபிரேமின் கண்ணாடி. ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி இளகும், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், ஜெலட்டின் உரிந்து முகமே போய்விடும். முதலில் கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்துவையுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த ஆல்பத்துக்கும் எந்த முறை பிரின்ட் என்பது முக்கியம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் போன்ற ஒன்றில் லேப் பிரின்ட்கள் நனைந்தால் காப்பாற்ற வழியுண்டு. அவை பிறந்ததே தண்ணீருக்குள்தான். கெடுவது ஒன்றோடொன்று ஒட்டியபடி காயும்போது. ஆகவே காயவிடாமல், சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டு, தானாக விலகும்வரை பொறுத்து, ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். படப் பரப்பை விரலால் தொடாமல் ஓரத்தைப் பிடித்து அலசி, படம் மேலே இருக்கும்படி நிழலில் விரித்து உலர்த்துங்கள். இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும், பிறகு பூஞ்சை பிடிக்கும். சாய மையில் போட்ட இங்க்ஜெட் பிரின்டைத் தண்ணீரில் போடவே கூடாது, கரைந்துவிடும். அதை ஒற்றி எடுத்து உடனே தனியாக உலர வையுங்கள்.